மாதம்மா எழுதிய ஒன்று பத்து

போன வாரம் ரேகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பயிற்சி மையத்தில் எனக்குப் பின் மாலை வகுப்பை எடுத்துக்கொண்ட பெண். பெரியவர்களுக்கான இங்கிலீஷ் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அதில் கடிகாரம் பார்க்கும் பாடத்தை எடுத்துவிடப் போகிறார்களாம். மைசூர்க்காரர்கள் பலரையும் போல அவளும் கன்னடம் கலந்து பேசுவாள், 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்பாள்.

"எல்லார்கிட்டயும் மொபைல் இருக்கு அல்வா மிஸ்? நம்பரைப் படிச்சா முடிஞ்சது. முள்ளு கடிகாரம் இன்னும் பேகா, வேணுமா? நீங்க பத்தொம்பது வருஷம் அந்தப் பாடம் எடுத்திருக்கீங்க. உங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னேன்."

கேட்டதற்காக அவளைப் பாராட்ட வேண்டும். எனக்கு வந்ததோ கோபம்தான். இந்த வயதில் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்று என் கணவர் சொல்கிறார். ஆகாவிட்டால் போகட்டும். எழுதி அனுப்புகிறேன் என்று ரேகாவிடம் சொன்னேன். போனை வைக்கும் முன் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கதை சுருக்கமானது. பி.எட். முடித்தேன், மைசூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்தினேன், அந்தப் பள்ளியை மூடினார்கள், இந்த மையத்தில் சேர்ந்தேன். மாலை ஆறு மணிக்கு வகுப்பு. கார்மென்ட்ஸ் பெண்கள், லாட்ஜில் அறை சுத்தம் செய்பவர்கள், வாட்ச்மேன்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள். பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள். வேலை முடிந்து, சிலர் சாப்பிடாமல்கூட, வந்து உட்கார்வார்கள்.

பாடத்திட்டத்தின்படி கடிகாரப் பாடம் ஒரே நாள். பன்னிரண்டு கடிகாரம் அச்சிட்ட தாளைக் கொடுக்க வேண்டும். 'பாஸ்ட்', 'டு', 'குவார்ட்டர்', 'ஹாஃப்' என்று கரும்பலகையில் எழுத வேண்டும். அவர்கள் ஒவ்வொன்றின் கீழேயும் மணியை இங்கிலீஷில் நிரப்ப வேண்டும். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். தாளைத் திருத்தும்போது பார்த்தால், பதினெட்டுத் தாளிலும் ஏழாவது கடிகாரம் தப்பு. பதினெட்டிலும் அதே தப்பு. முதல் பெஞ்சில் இருந்தவர் எழுதியதை அறை முழுவதும் பார்த்து எழுதியிருக்கிறது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்களில் பலருக்கு இங்கிலீஷில் மட்டுமல்ல, தமிழிலும் கன்னடத்திலும் மணி பார்க்கத் தெரியாது. ஃபேக்டரி சைரன், ஸ்கூல் வேன், கொள்ளேகால் பஸ், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி, இவற்றை வைத்து நாளை ஓட்டிவிடுவார்கள். ஓட்டவும் முடிந்தது. ஆனால் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு வாட்ச்மேன் தினமும் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருவார். "உங்க வாட்ச்ல என்ன மணி?" என்று யாராவது கேட்டால், "உங்களுதுல என்ன?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்த வாட்ச் ஓடுவதே இல்லை என்பது எனக்குத் தெரிய ஐந்து வாரம் ஆயிற்று.

இதைப் பாடத்திட்டம் எழுதியவர்களுக்கு யார் சொல்வது? நான் சொன்னேன். "பெரியவங்களுக்கு மணி பார்க்கத் தெரியாதுன்னு சொல்றது அவங்களை அவமானப்படுத்துற மாதிரி, மேடம்" என்று எங்கள் டைரக்டர் பதில் சொன்னார். தெரியாததைக் கற்றுக் கொடுப்பது அவமானமாம், தெரிந்ததாக நடித்து சர்டிஃபிகேட் கொடுப்பது மரியாதையாம்.

டைரக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாம் முடித்ததும், "லெட் அஸ் பி ப்ராக்டிகல்" என்பார். அதற்கு மேல் அந்த விஷயம் நகராது. தினமும் மாலை அட்டெண்டன்ஸ் புத்தகத்தோடு வகுப்பு வாசலில் நிற்பார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்த பிறகு வருபவர் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால், அனுப்பிய கம்பெனிக்குக் கடிதம் போகும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வரும் பெண்ணுக்கு வரவேற்பு அந்தச் சிவப்புப் புள்ளிதான்.

அவரிடம் அனுமதி கேட்காமலேயே நான் என் வழியில் நடத்த ஆரம்பித்தேன். ஸ்வீட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, நம்பர் எழுதி, நடுவில் பித்தளைப் பின் குத்தி அட்டைக் கடிகாரம் செய்தேன். ஆளுக்கு ஒன்று. முதல் இரண்டு நாள் பெரிய முள்ளே கிடையாது, கழற்றி என் பையில் வைத்துவிடுவேன். சின்ன முள் மட்டும். "மூணைத் தாண்டிருச்சா? நாலுக்கு வந்திருச்சா? நடுவுல நிக்குதா?" இதை மட்டும் கேட்பேன். சின்ன முள் ஒன்றை வைத்தே முக்கால்வாசி மணி தெரிந்துவிடும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பெரிய முள்ளைக் கொடுத்து ஐந்து ஐந்தாக எண்ணச் சொல்வேன். கண் தானாகப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இங்கிலீஷ். 'டு', 'பாஸ்ட்' எல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

கூடவே ஒரு கட்டளை. வகுப்பே சேர்ந்து சொல்லும்படி வைத்திருந்தேன்: முள் என்ன காட்டுகிறதோ அதை எழுது, யூகிக்காதே, கூட்டாதே கழிக்காதே, பக்கத்தில் இருப்பவரைக் கேட்காதே. பார்த்து எழுதும் பழக்கத்தை ஒழிக்க அதுதான் வழி என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பன்னிரண்டு ஆயாக்களை எங்களிடம் அனுப்பியது. தரச் சான்றிதழுக்காக அங்கே ஒரு புது விதி வந்திருந்தது. எந்த வேலையையும் யார் செய்தாரோ அவரே ரிஜிஸ்டரில் மணி போட்டு எழுத வேண்டும். படுக்கையில் புரட்டிப் படுக்கவைத்தது, சாப்பாடு கொடுத்தது, யூரின் பை காலி செய்தது, எல்லாவற்றுக்கும் மணி. அதுவரை ஆயாக்கள் ஒரு டிக் போட்டால் போதும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி மாதம்மா. ஹனூர் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கட்டட வேலையில் முதுகு அடிபட்டு வீட்டோடு இருந்தார். இவள் வேலைதான் குடும்பம். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், ஆனால் அட்டைக் கடிகாரத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். மூன்றாம் வாரம் நான் எப்படி முள்ளைத் திருப்பினாலும் கண் இமைக்கும் நேரத்தில் சொன்னாள். "படிக்கறதுன்னா இவ்வளவுதானுங்களா மிஸ்?" என்று சிரித்தாள். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

வகுப்பு முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு மாலை மாதம்மா மையத்துக்கு வந்தாள். கையில் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள். "இதைப் படிச்சுச் சொல்லுங்க மிஸ். சிஸ்டர் குடுத்தாங்க. வேலையை விட்டு எடுத்துருவாங்கன்னு மத்தவங்க சொல்றாங்க."

படித்தேன். மெமோ. வார்டில் சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருவருக்கு சிஸ்டர் பன்னிரண்டரைக்கு இன்சுலின் போட்டிருக்கிறார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பாடு கொடுத்தாக வேண்டும் என்பது வார்டின் விதி. ஆயா சாப்பாடு கொடுத்த நேரம் என்று ரிஜிஸ்டரில் ஒன்று பத்து என எழுதியிருக்கிறது. நாற்பது நிமிடம். இரண்டு மணி வாக்கில் நோயாளிக்கு சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. குளூகோஸ் கொடுத்துச் சரியாகிவிட்டது. ஆனால் குடும்பத்தார் புகார் கொடுத்துவிட்டார்கள். அலட்சியத்துக்காக ஏன் உன்னை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, மூன்று நாளில் பதில் சொல்.

"சாப்பாடு குடுக்க லேட் ஆச்சா மாதம்மா?"

"ஆவவே இல்லீங்க. ஊசி போட்டதும் சிஸ்டர் சொன்னாங்க. வண்டி வந்ததும் தட்டை எடுத்துட்டு நேரா போனனுங்க. சோறு ஆவி பறந்துச்சு, ஊதி ஊதித்தான் ஊட்டினேன். பாதிதான் சாப்பிட்டாங்க, போதும்னுட்டாங்க. அதையும் சிஸ்டர்கிட்டச் சொன்னனுங்க. அப்பறம் கடிகாரத்தைப் பாத்து எழுதினேன்."

பாதிதான் சாப்பிட்டார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கு ரிஜிஸ்டரில் இடமும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் முதலில் அவள்மேல்தான் சந்தேகம். பன்னிரண்டு ஐம்பதுக்கும் ஒன்று பத்துக்கும் சின்ன முள் ஒன்றின் பக்கத்திலேயே நிற்கும். பெரிய முள் முதலாவதில் இடப் பக்கம் பத்தில், அடுத்ததில் வலப் பக்கம் இரண்டில். புதிதாகப் படிப்பவர்கள் இடம் வலம் மாற்றிவிடுவார்கள். அட்டைக் கடிகாரத்தை எடுத்து, பன்னிரண்டு ஐம்பது வைத்தேன். சொன்னாள். ஒன்று பத்து, சொன்னாள். பத்து தடவை மாற்றி மாற்றி வைத்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினோராவது தடவை வைத்தபோது அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் தன்னை நம்பவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

டைரக்டரிடம் போனேன். எங்கள் தேர்வில் இவள் தேறியவள், மணி சரியாகப் பார்ப்பாள் என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த பேட்ச் அனுப்பறதா ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க, மேடம். அவங்களோட நாம சண்டை போட முடியுமா? தப்பாப் பாத்துட்டேன்னு அந்தம்மாவை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நாம ஒரு ரிஃப்ரெஷர் கோர்ஸ் குடுக்கறோம்னு சொல்லுவோம். எல்லார்க்கும் நல்லது. லெட் அஸ் பி ப்ராக்டிகல்."

எல்லாருக்கும் நல்லதாம்! அந்த எல்லாரில் மாதம்மா இல்லை.

மறுநாள் மாலை வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டில் மாதம்மா தன் போனை எடுத்து ஒரு மரப்பெட்டியில் போட்டாள். ஆயாக்கள் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதாம். சிஸ்டர்கள் கொண்டுபோகலாமாம். ரேகா, உன் மொபைல் வாதம் அந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துப்போயிற்று, கவனித்தாயா? வார்டில் மாதம்மா மணி பார்க்க இருந்தது ஒரே ஒரு பொருள், சுவர்க் கடிகாரம்.

வார்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் பார்த்தேன். நாலரை காட்டியது. என் கைக்கடிகாரத்தில் நாலு பத்து.

இன்சார்ஜ் சிஸ்டர் நம் தமிழ்க்காரர்தான், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், மணி என்ன?" என்று கேட்டேன். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். கண் இமைக்காமல், "நாலு பத்து, மேடம்" என்றார்.

"கடிகாரம் நாலரை காட்டுதே?"

"ஓ, அதுவா? அது ட்வென்ட்டி மினிட்ஸ் ஃபாஸ்ட். டியூட்டிக்கு லேட்டா வராங்கன்னு பழைய மேட்ரன் அப்படி வெச்சாங்க. எல்லார்க்கும் தெரியும் அல்வா?"

"மாதம்மாவுக்குச் சொன்னீங்களா?"

சிஸ்டர் பேனாவை மூடினார். கெட்ட மனுஷி இல்லை, உண்மையாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார்: "ஆயாங்க எங்க மேடம் கடிகாரம் பாக்கறாங்க?"

அந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கடிகாரம் பார்த்து எழுது என்று உத்தரவு போட்டவர்கள் இவர்கள். அதற்காக வகுப்புக்கு அனுப்பியவர்கள் இவர்கள். ஆனாலும் ஒரு ஆயா நிஜமாகவே தலை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மற்ற ஆயாக்கள் பழையபடி சிஸ்டரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அதனால் தப்பித்தார்கள். யாரையும் கேட்காதே என்று நான் போட்ட கட்டளையைக் காப்பாற்றியவள் மாதம்மா ஒருத்தி. அவளுக்குத்தான் மெமோ.

ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னேன். மூன்று வாரமாக மாதம்மா எழுதிய ஒவ்வொரு மணியும் இருபது நிமிடம் கூடுதலாக இருந்தது. டீக்குப் பின் சிஸ்டர் கொடுத்த மருந்து டீக்கு முன்பே கொடுத்ததாகவும், இன்னொரு ஆயா குளிப்பாட்டி முடித்த பிறகு இவள் வெந்நீர் கொண்டுவந்ததாகவும் தாறுமாறாக இருந்தது. மூன்று வாரமாக யாருமே அதைப் படிக்கவில்லை. ஒரு ஆள்மேல் குற்றம் சொல்ல வேண்டிய நாள் வந்தபோதுதான் புத்தகத்தைத் திறந்திருக்கிறார்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் அறைக்குப் போனோம். அவர் புத்திசாலி, விஷயத்தைக் கேட்டதும் உடனே பிடித்துக்கொண்டார். கன்னடத்தில் இதமாகத்தான் பேசினார். சரி, தெரியாமல் நடந்துவிட்டது, பெரிது பண்ண வேண்டாம், அந்த ஒன்று பத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு ஐம்பது என்று மாற்றி எழுதி ஒரு கையெழுத்துப் போடட்டும், மெமோவை மறந்துவிடலாம் என்றார். ரிஜிஸ்டரையும் பேனாவையும் மாதம்மா பக்கம் தள்ளினார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "எழுதிரும்மா" என்று நானே சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

மாதம்மா பேனாவைத் தொடவில்லை.

"இல்லீங்க மிஸ். நான் பாத்தது ஒன்னு பத்துதானுங்க. அதைத்தான் எழுதியிருக்கறேன். இப்ப இதை அடிச்சன்னா, பொய் எழுதிட்டுத் திருத்தினேன்னு ஆயிருமுங்க." பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த கன்னடத்தில், தடுமாறாமல் சொன்னாள்: என் எழுத்தில் தப்பு இல்லை சார், உங்கள் கடிகாரத்தைத் திருத்துங்கள்.

அவர் முகம் சுருங்கியது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் கை புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது. ஆனால் பேனாவை எடுக்கவில்லை. கடைசியில் அட்மினிஸ்ட்ரேட்டரே ரிஜிஸ்டரை இழுத்து, ஒன்று பத்தின் பக்கத்தில், கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடியது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெயின்டனன்ஸ் ஆளுக்கு போன் போட்டு ஏணி கொண்டுவரச் சொன்னார். மெமோவை வாபஸ் வாங்குவதாக எழுதித் தரக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், முடிஞ்சு போச்சு" என்றார். வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த மெமோ அவள் ஃபைலில் அப்படியே இருந்தது.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவள் வேலை தப்பியதில் எனக்கு ஒரே உற்சாகம். ஆஸ்பத்திரிக்காரர்களை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை நாள் வேலை பார்த்தும் கடிகாரத்தில் கோளாறு இருக்கும் என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா என்று அவளையும் கேட்டேன்.

மாதம்மா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க மிஸ். நம்ம கிளாஸ் கடிகாரமும் முன்னாலதானுங்களே போவுது? பெரிய முள்ளு கத்துக்குடுத்த அன்னைக்கே கேட்டனுங்க, உங்க வாட்ச் பாத்து வெச்ச அட்டை ஒரு மணி சொல்லுது, செவுரு ஒரு மணி சொல்லுதுன்னு. அது அப்படித்தான், அதைப் பாக்காதே, அட்டையைப் பாருன்னு சொன்னீங்க. அப்ப எனக்குத்தான் பாக்கத் தெரியலீன்னு நெனச்சுக்கிட்டனுங்க. அப்பறம் எந்தக் கடிகாரத்தையும் நான் சந்தேகப்படலீங்க."

எனக்கு அவள் கேட்டது நினைவே இல்லை. கடிகாரம் மட்டும் நினைவிருந்தது. டைரக்டர் அதைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தார், எல்லாரும் நேரத்துக்கு வர வேண்டும் என்று. அது எனக்கும் தெரியும், மற்ற டீச்சர்களுக்கும் தெரியும். ஆறு மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்ட எத்தனையோ பேர் பெயருக்கு நேரே அந்தக் கடிகாரத்தை வைத்துச் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டு பதினேழு வருடம் நான் மணி பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மறுநாள் வகுப்புக்கு முன்னால் போய், பெஞ்சு மேல் ஏறி, கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் திருப்பினேன். "யார் தொட்டது?" என்று டைரக்டர் கேட்டார். நான்தான் என்றேன். லெட் அஸ் பி ப்ராக்டிகல் என்றார். அடுத்த நாள் அது பழையபடி முன்னால் இருந்தது. மறுபடி ஏறினேன். முட்டி வலியோடு இரண்டு வருடம் அந்தப் பெஞ்சில் ஏறி இறங்கினேன். ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, நேரம் தவறாதவர் என்று என்னைப் பாராட்டிப் பேசினார்.

ரேகாவிடம் நான் கேட்டது இதுதான்: "பாடத்தை எடுக்கறதும் வெக்கறதும் அப்புறம். நீ இப்ப கிளாஸ்லதானே இருக்கே? தலையைத் தூக்கிச் செவுத்துக் கடிகாரத்தைப் பாரு. அது சரியான டைம் காட்டுதா?"

திரும்பிப் பார்த்திருப்பாள். பிறகு அவள் லேசாகச் சிரிப்பது கேட்டது.

"டென் மினிட்ஸ் ஃபாஸ்ட், மிஸ். எல்லார்க்கும் தெரியும் அல்வா?"

எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று கேட்டேன். உன் வகுப்பில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல் என்றேன்.